கண்புரை ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் சீழ்: வேலூருக்கு அனுப்பும் முன் இங்கேயே ஊசி போட்டுவிடலாமா?

கேள்வி: குடியாத்தம்_கண்

வணக்கம். எங்களுடையது சிறிய கண் மருத்துவமனை. வாரத்தில் இரண்டு நாள் கண்புரை ஆபரேஷன், பெரும்பாலும் தையல் போடாத சிறு கீறல் முறை, கொஞ்சம் ஃபேக்கோ (அல்ட்ராசவுண்டால் புரையைக் கரைத்து எடுப்பது). ஸ்லிட் லாம்ப், பி-ஸ்கேன் (கண்ணுக்கான அல்ட்ராசவுண்ட்), தியேட்டர் உண்டு. விழித்திரை சர்ஜன் இல்லை, விட்ரெக்டமி (கண்ணுக்குள் உள்ள விட்ரியஸ் என்ற கூழை வெட்டி எடுக்கும் அறுவை) மெஷின் இல்லை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் லேபும் இல்லை.

ஆபரேஷன் ஆகி நாலாம் நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருவர் கண் சிவந்து, பார்வை மங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவிழிக்குப் பின்னுள்ள முன்னறையில் ஒரு மில்லிமீட்டர் ஹைப்போபியான் (தேங்கிய சீழ்). ரெட் குளோ (வெளிச்சம் அடித்தால் கண்மணிக்குள் தெரியும் சிவப்பு) இல்லை. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் தெரிகிறது, அவ்வளவுதான். இவரைச் சொட்டு மருந்தோடு வேலூருக்கு அனுப்புவதா, இங்கேயே விட்ரியஸ் சாம்பிள் எடுத்து ஆன்டிபயாடிக் ஊசியைக் கண்ணுக்குள் போட்டுவிட்டு அனுப்புவதா? முதலில் ஊசி போட்டால் கல்ச்சரில் ஒன்றும் வளராது, மேலே பார்ப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு. டிரிப்பில் ஆன்டிபயாடிக் ஏற்றி அனுப்பினால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். மருந்து கரைக்கும் அளவை யாராவது விவரமாக எழுதினால் தியேட்டர் சுவரில் ஒட்டிவைப்பேன்.


பதில்: விழித்திரை_வேலூர்

டாக்டர், சாம்பிள் எடுங்கள், ஊசி போடுங்கள், அப்புறம் வண்டி ஏற்றுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. சாம்பிளை முதலில் எடுத்துவிட்டால் கல்ச்சர் கெடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. சாம்பிள் எடுக்காமல் மருந்து போட்டால்தான் லேப்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அதிலும்கூட, சாம்பிள் வரவில்லை என்பதற்காக மருந்தை நிறுத்திவைக்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து கிளம்பி, வேலூரில் சீட்டுப் போட்டு, டியூட்டி டாக்டர் பார்த்து, விழித்திரை சர்ஜனைக் கூப்பிட்டு, தியேட்டர் தயாராகும் வரை எண்ணிப் பாருங்கள். நாலைந்து மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். பேரணாம்பட்டுக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலைப் பக்கம் என்றால் மறுநாள் காலைதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸோ சூடோமோனாஸோ மாதிரி வேகமான கிருமி உள்ளே இருந்தால் ஓர் இரவு போதும், விழித்திரை வெந்துபோய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சர்ஜன் கையில் ஒப்படைத்தாலும் கண் அமைப்புதான் மிஞ்சும், பார்வை மிஞ்சாது.

டிரிப் விஷயம். ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே உள்ள தடுப்பு, நரம்பில் ஏற்றும் மருந்தைப் போதிய அளவு விட்ரியஸுக்குள் விடாது. 1995-இல் வெளிவந்த எண்டாஃப்தால்மைட்டிஸ் (கண்ணுக்குள் சீழ்த் தொற்று) விட்ரெக்டமி ஸ்டடி என்ற அமெரிக்க ஆய்வு இதைத்தான் 420 பேரிடம் சோதித்தது. எல்லோருக்கும் கண்ணுக்குள் ஊசி. பாதிப் பேருக்குக் கூடவே நரம்பு வழியாக செஃப்டசிடைமும் அமிகாசினும். இரண்டு பக்கமும் பார்வையில் வித்தியாசம் இல்லை. அமிகாசின் உள்ளே போகாத மருந்து, அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று இன்றைக்கும் குறை சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான குறைதான். அதனால் மாக்சிஃப்ளாக்சசின் 400 மி.கி. மாத்திரை, தினம் ஒன்று, பலர் சேர்த்துக் கொடுக்கிறோம். அது விட்ரியஸுக்குள் ஓரளவு போகும். ஆனால் அது துணை மட்டுமே. மாத்திரை கொடுத்தாயிற்று என்று ஊசியைத் தள்ளிப்போடுவதற்கு அது சாக்கு ஆகக்கூடாது.

முதலில் இது தொற்றுதானா என்று பாருங்கள். ஆபரேஷனுக்கு மறுநாளே, வலி அதிகமில்லாமல், கருவிழி ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சீராக வெளுத்து வீங்கி, முன்னறையில் ஃபைப்ரின் என்ற நார் போன்ற பொருள் உறைந்து, பின்னால் விட்ரியஸ் சுத்தமாக இருந்தால் அது டாஸ் எனப்படும் நச்சு எதிர்வினையாக இருக்கலாம். அது ஸ்டீராய்டு சொட்டுக்கு அடங்கும். நீங்கள் சொல்லும் நாலாம் நாள் கண், ரெட் குளோ போன கண், அந்த வகையில் சேராது. வலி இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். அந்த 420 பேரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வலியே இல்லை. சந்தேகம் தீராவிட்டால் தொற்று என்றே வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஊழியத்தில் மிகவும் சேதம் செய்வது, 'ஆபரேஷன் ரியாக்‌ஷன்தான், பிரெட்னிசலோனை மணிக்கொரு தரம் போட்டு நாளைக்கு வா' என்று அனுப்பும் அந்த ஒரு நாள்.

செய்முறை. பி-ஸ்கேன் கட்டாயம். விட்ரியஸில் எவ்வளவு அடர்த்தி, கோராய்டு தடித்திருக்கிறதா, விழித்திரை பிரிந்திருக்கிறதா, லென்ஸ் துண்டு பின்னால் விழுந்து கிடக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள். கீறலில் ஃபுளோரசின் தொட்டு ஒழுக்கு இருக்கிறதா பாருங்கள். ஒழுகினால் 10-0 நைலானில் ஒரு தையல், அதுவும் ஊசிக்கு முன்னால். ஓட்டை திறந்திருக்கும் வரை மருந்து வெளியே வரும், கிருமி உள்ளே போகும்.

சொட்டு மரப்பு மருந்து இந்தக் கண்ணுக்குப் போதாது; வீங்கிய கண் துள்ளும். பெரிபல்பார் (கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி) கொடுங்கள். இமை ஓரமும் வெண்படலமும் 5 சதவீத பொவிடோன் அயோடினில் 3 நிமிடம் ஊற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம், குத்துமதிப்பாக அல்ல. செயற்கை லென்ஸ் வைத்த கண்ணில் லிம்பஸிலிருந்து (கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் விளிம்பு) 3.5 மி.மீ., சொந்த லென்ஸ் உள்ள கண்ணில் 4 மி.மீ. பின்னால் காலிப்பரால் குறியுங்கள். 23 கேஜ் ஊசியை 2 மி.லி. சிரிஞ்சில் மாட்டி, கண்ணின் நடுவைப் பார்த்து இறக்கி, 0.2 முதல் 0.3 மி.லி. மெதுவாக இழுங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். பலமாக உறிஞ்சினால் விட்ரியஸ் இழை ஊசியில் சிக்கி விழித்திரையைக் கிழிக்கும். கல்ச்சருக்காக ரெடினல் டிடாச்மென்ட் வாங்கிக்கொள்ள வேண்டாம். அப்படி வறண்டால் முன்னறையிலிருந்து 0.1 மி.லி. எடுத்து வையுங்கள். அதில் கிருமி கிடைக்கும் வாய்ப்பு குறைவு, ஆனாலும் வெறும் கைக்கு அது மேல்.

பிறகு 30 கேஜ் ஊசியில் வான்கோமைசின் 1 மி.கி., தனி சிரிஞ்சில் செஃப்டசிடைம் 2.25 மி.கி. ஒவ்வொன்றும் 0.1 மி.லி. இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்தால் வெள்ளையாகத் திரிந்து நிற்கும். ஊசியின் சாய்வு வாய் லென்ஸ் பக்கம் இருக்கட்டும், மாக்குலாவை (விழித்திரையின் நடுப்பகுதி) நோக்கிப் பீய்ச்சாதீர்கள். முடிந்ததும் விரலால் கண்ணை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்து வெளிச்சமே தெரியவில்லை என்றால் முன்னறையிலிருந்து கொஞ்சம் திரவத்தை விடுங்கள்.

அமிகாசின் 0.4 மி.கி. பழைய முறை. அளவு சற்று ஏறினாலும் மாக்குலாவுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துப்போகலாம். செஃப்டசிடைம் கையில் இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை.

விட்ரெக்டமி எப்போது? அந்த ஆய்வின்படி கையசைவு தெரிகிறவருக்கு ஊசியும் விட்ரெக்டமியும் ஒன்றுதான். வெளிச்சம் மட்டும் தெரிகிறவருக்கு உடனடி விட்ரெக்டமி செய்ததில் 33 சதவீதம் பேர் 6/12 அல்லது அதற்கு மேல் எட்டினார்கள். வெறும் ஊசியில் 11 சதவீதம். ஆகையால் பார்வையைக் கவனமாக எடுத்து எழுதுங்கள். நல்ல கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, 60 செ.மீ. தூரத்தில், வெளிச்சத்தை நோயாளியின் பின்னாலிருந்து வரும்படி வைத்துக் கையை ஆட்டிக் கேட்க வேண்டும். டார்ச்சை முகத்தில் அடித்துக்கொண்டே கையை ஆட்டினால் அந்த நிழலைப் பார்த்து 'தெரியுது' என்பார்கள், அறுவை வேண்டியவர் ஊசிப் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

ஆனால் ஒன்று. அந்த ஆய்வு கண்புரை ஆபரேஷனான 6 வாரத்துக்குள் வந்த தொற்றைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. அங்கே வளர்ந்த கிருமிகளில் 70 சதவீதம் சாதுவான கோயாகுலேஸ் நெகடிவ் ஸ்டேஃபைலோகாக்கஸ். கிராம் நெகடிவ் வகை பாக்டீரியா வெறும் 6 சதவீதம். நம் நாட்டில் கிராம் நெகடிவும் பூஞ்சையும் அதைவிட அதிகம். மெஷினும் 20 கேஜிலிருந்து 23, 25 கேஜ் என்று மெலிந்துவிட்டது. ஆகவே கையசைவு தெரிந்தாலும், 36 மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் நான் விட்ரெக்டமி பக்கம்தான் சாய்வேன். சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் சீக்கிரம்.

ஊசி போட்ட முதல் 24 மணி நேரம் கண் இன்னும் மோசமாகத் தெரியலாம். செத்த கிருமி விடும் நச்சுக்கு எழும் அழற்சி அது. வலி குறைகிறதா, ஹைப்போபியான் சுருங்குகிறதா, ஃபைப்ரின் இழுத்துக் கெட்டியாகிறதா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் 48 மணி நேரத்தில் கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்து மறு ஊசி.


பதில்: தியேட்டர்_சிஸ்டர்_ஆற்காடு

வணக்கம் டாக்டர். கரைக்கும் அளவை எழுதுகிறேன். ஒட்டிவைக்கும் தாளில் இப்படியே போடலாம்.

வான்கோமைசின் 500 மி.கி. குப்பியில் 10 மி.லி. சலைன். இப்போது 1 மி.லி.யில் 50 மி.கி. இதில் 1 மி.லி. எடுத்து, வேறொரு ஸ்டெரைல் சிரிஞ்சில் 4 மி.லி. சலைனோடு கலக்க வேண்டும். 1 மி.லி.யில் 10 மி.கி. ஆகிவிட்டது. 0.1 மி.லி. என்றால் 1 மி.கி.

செஃப்டசிடைம் 500 மி.கி. குப்பியில் 10 மி.லி. சலைன், 1 மி.லி.யில் 50 மி.கி. டியூபர்குலின் சிரிஞ்சில் (1 மி.லி. சிரிஞ்ச்) இதை 0.45 மி.லி. வரை இழுத்து, அதற்கு மேல் சலைன் 0.55 மி.லி. இழுத்து, மொத்தம் 1 மி.லி. ஆக்கிக் குலுக்க வேண்டும். 0.1 மி.லி.யில் 2.25 மி.கி.

இதில் தவறு நடக்கும் இடம் குப்பிதான். செஃப்டசிடைம் 1 கிராம் குப்பியும் மருந்துக் கடையில் வரும், அட்டை ஒரே மாதிரி இருக்கும். அதை 500 என்று நினைத்து 10 மி.லி. ஊற்றினால் கண்ணுக்குள் இரட்டை அளவு போகும். 1 கிராம்தான் கிடைத்தது என்றால் 10 மி.லி. ஊற்றிய பிறகு அதில் 1 மி.லி. எடுத்து 1 மி.லி. சலைனோடு கலந்து, அங்கிருந்து மேலே சொன்ன 0.45 கணக்கைப் பிடிக்கலாம். குப்பியின் மில்லிகிராமை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் சலைன் ஊற்ற வேண்டும்.

செஃப்டசிடைம் கரையும்போது கேஸ் விடும். குப்பிக்குள் அழுத்தம் ஏறி ரப்பர் மூடி உப்பும். ஓர் ஊசியைக் குத்திக் காற்றை விட்டு, நுரை அடங்கி நீர் தெளியும் வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் சிரிஞ்சில் குமிழி ஏறும், 0.1 என்று நினைத்துப் போடுவதில் பாதி காற்றாக இருக்கும்.

சிரிஞ்சில் 0.2 மி.லி. வைத்துக்கொண்டு, மருந்து இழுத்த ஊசியைக் கழற்றி 30 கேஜ் மாட்டி, நுனியில் துளி வரும் வரை தள்ளி, பிஸ்டனை 0.1 கோட்டில் நிறுத்திக் கொடுக்க வேண்டும். ஊசியின் கழுத்தில் நிற்கும் மருந்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 0.1 மி.லி. முழுதாக உள்ளே போகாது. ஒவ்வொரு சிரிஞ்சிலும் ஸ்டெரைல் பேனாவால் 'வா', 'செஃப்' என்று எழுதி, தனித்தனிக் கிண்ணத்தில் வைப்பது நல்லது. மிச்சக் கரைசலை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்தவருக்கு எடுப்பது கூடவே கூடாது.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் ஆனவர்கள் போன் செய்யும்போது எடுப்பவர் யார் என்பதும் முக்கியம். 'கண்ணு மங்கலா கீதுமா, நேத்து நல்லாத்தான் தெரிஞ்சுது' என்று சொன்னால், அந்த 'நேத்து நல்லாத்தான்' என்பதுதான் மணி அடிக்கும் வார்த்தை. தெரிந்த பார்வை மங்குவது என்றால் அன்றைக்கே வரச் சொல்ல வேண்டும். 'சொட்டு மருந்து போடுறீங்களா, போடுங்க, சரியாயிடும்' என்று ரிசப்ஷனில் பதில் சொல்ல விடக்கூடாது. வரும் வரை தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் விடவேண்டாம் என்றும் போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.


பதில்: லேப்_ராணிப்பேட்டை

சாம்பிள் பற்றி மட்டும். லேப் இல்லாத இடத்தில் எடுக்கும் 0.2 மி.லி. எங்களுக்குத் தங்கம், அதைப் பஞ்சில் தொட்டு அனுப்பிவிடாதீர்கள்.

ஒரு துளி வீதம் இரண்டு சுத்தமான கண்ணாடி ஸ்லைடில் வைத்து, பரப்பாமல், காற்றில் உலர விட்டு அனுப்புங்கள். ஒன்று கிராம் ஸ்டெயினுக்கு (பாக்டீரியா வகையைக் காட்டும் சாயம்), மற்றது பூஞ்சைக்கு. துளி எங்கே இருக்கிறது என்று ஸ்லைடின் அடிப்பக்கம் வட்டம் போட்டுவிட்டால் மைக்ராஸ்கோப்பில் தேடும் நேரம் மிச்சம். மீதியை அதே சிரிஞ்சில் வைத்து, காற்றை வெளியேற்றி, ஊசியை எடுத்துவிட்டு ஸ்டெரைல் மூடியால் அடைத்து, நேராக அனுப்பலாம். ஃபிரிட்ஜ் வேண்டாம், ஐஸ் வேண்டாம், அறை வெப்பம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்கு வராது என்று தெரிந்தால், குழந்தைகளுக்கான பிளட் கல்ச்சர் பாட்டிலின் ரப்பர் மூடியை ஸ்பிரிட்டில் துடைத்து, காய விட்டு, உள்ளே செலுத்திவிடுங்கள். சின்ன ஊர்களுக்கு அது நல்ல வழி. ஒரே குறை, அதில் வளர்ந்தால் தோலில் இருந்த கிருமியா, கண்ணுக்குள் இருந்ததா என்று பிரிப்பது கஷ்டம். அதனால்தான் ஸ்லைடும் வேண்டும் என்கிறேன்.

லேபில் நடப்பதும் தெரிந்திருந்தால் நல்லது. கிருமி வளர்க்க வைப்பவை: பிளட் அகார், சாக்லேட் அகார், சபுரோ அகார், தயோகிளைகோலேட் திரவம். தட்டில் 'சி' வடிவத்தில் கீறி வைப்போம். வளர்ச்சி அந்தக் கீறல் மேலேயே வந்தால் சாம்பிளிலிருந்து வந்தது. கீறலுக்கு வெளியே ஒரு காலனி நின்றால் காற்றிலிருந்து விழுந்தது. சபுரோவில் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த வகையை வைத்தால் கண்ணில் வரும் பூஞ்சை பலதும் வளராது, கல்ச்சர் நெகடிவ் என்று ரிப்போர்ட் போகும். இதை லேபில் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாக்டீரியா பெரும்பாலும் இரண்டு நாளில் தலைகாட்டும். பூஞ்சைக்கு இரண்டு வாரம் தட்டை வைத்திருக்க வேண்டும். ஆபரேஷனாகி மாதக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும் கண் என்றால் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் இருக்கலாம், அதற்கும் ஆக்சிஜன் இல்லாத சூழலில் இரண்டு வாரம். படிவத்தில் அதை எழுதாவிட்டால் ஐந்தாம் நாள் தட்டு குப்பைக்குப் போய்விடும்.

கல்ச்சரில் ஒன்றும் வளராத கண்கள் எங்கும் உண்டு. அமெரிக்க ஆய்விலேயே 69 சதவீதத்தில்தான் வளர்ந்தது. நெகடிவ் வந்தால் தொற்றே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.


குடியாத்தம்_கண்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, அதே வேளையில் டெக்ஸாமெத்தசோன் 0.4 மி.கி. கண்ணுக்குள் போடலாமா? இரண்டு, இந்தப் பக்கம் சீமைக் கருவேல முள் குத்தி வருபவர்கள், உளியில் அடிக்கும்போது துகள் தெறித்து வருபவர்கள் அதிகம். அவர்களுக்கும் இதே மருந்துதானா?


பதில்: விழித்திரை_வேலூர்

டெக்ஸாமெத்தசோன்: அழற்சி சீக்கிரம் அடங்கும், கடைசிப் பார்வையில் பெரிய லாபம் இருப்பதாக உறுதியாகக் காட்டப்படவில்லை. பூஞ்சை இல்லை என்று ஸ்மியரில் (சாம்பிளை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்த பிறகு போடுவதில் தவறில்லை. உங்கள் இடத்தில் ஸ்மியர் பார்க்க ஆள் இல்லை, ஆகவே வேண்டாம். ஸ்டீராய்டு சொட்டும் மாத்திரையும் மேலே இருப்பவர்கள் ரிப்போர்ட் பார்த்து ஆரம்பிக்கட்டும். நீங்கள் அட்ரோபின் 1 சதவீதமும், மாக்சிஃப்ளாக்சசின் 0.5 சதவீதம் மணிக்கொரு தரமும் போட்டு அனுப்புங்கள்.

முள்ளும் துகளும் வேறு கதை, அதில் இரண்டுமே ஒன்றல்ல.

உளித் துகள், சுத்தியல் துகள்: இரும்பு கண்ணுக்குள் தங்கி இருக்கும். துகள் உள்ளே போன நோயாளி 'ஏதோ தூசி பட்டது' என்று மட்டும் சொல்வார். கருவிழியில் கோடு போல் சிறு வெட்டு, ஐரிஸில் ஓர் ஓட்டை, கண்மணி ஒரு பக்கம் இழுத்து நிற்பது, இவற்றைத் தேடுங்கள். சி.டி. ஸ்கேன் மெல்லிய வெட்டுகளில் எடுக்க வேண்டும். இரும்பு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் வரை எம்.ஆர்.ஐ. பக்கமே போகக்கூடாது, காந்தத்தில் துகள் நகர்ந்து உள்ளே கிழிக்கும். மண்ணோடு வந்த காயத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வரும். அது வந்தால் 24 மணி நேரத்துக்குள் இமை வீங்கி, கண் பிதுங்கி, கருவிழியில் வளையமாக வெண்மை கட்டி, காய்ச்சலும் வரலாம். வான்கோமைசின் அதைப் பிடிக்கும், ஆனால் நேரத்தில் போக வேண்டும். திறந்த காயத்தின் மேல் களிம்பு போடாதீர்கள், பஞ்சு வைத்து அழுத்திக் கட்டாதீர்கள், பி-ஸ்கேன் கருவியைக் கண்ணில் வைத்து அழுத்தாதீர்கள். பிளாஸ்டிக் ஷீல்டு கவிழ்த்து, டெட்டனஸ் ஊசி போட்டு, வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் அனுப்புங்கள். திறந்த காயத்தில் தையலுக்கு முன் நீங்கள் கண்ணுக்குள் ஊசி போட முயல வேண்டாம். கண்புரைக் கண்ணுக்குச் சொன்ன 'போட்டுவிட்டு அனுப்பு' இங்கே பொருந்தாது. நரம்பு வழி ஆன்டிபயாடிக்குக்கு இங்கே இடம் உண்டு, வான்கோமைசினும் செஃப்டசிடைமும் ஆரம்பித்து அனுப்பலாம்.

முள்: காயம் ஆறிவிட்டது போல இருக்கும். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கண் மெதுவாகச் சிவக்கும், முன்னறையில் பஞ்சுத் துணுக்கு போல வெள்ளை மிதக்கும், வலி பார்வைக் குறைவுக்குப் பொருத்தமில்லாமல் கம்மியாக இருக்கும். இதற்குள் யாராவது ஸ்டீராய்டு சொட்டு எழுதிக் கொடுத்திருப்பார்கள், இரண்டு நாள் தேறியது போல் காட்டிவிட்டு மறுபடி ஏறும். பூஞ்சையை நினையுங்கள். அஸ்பெர்ஜில்லஸ், ஃபுசேரியம் இரண்டும் நம் வயல்காட்டுப் பூஞ்சைகள். வோரிகோனசோல் 200 மி.கி. குப்பியில் 19 மி.லி. ஊசிக்கான நீர் ஊற்றினால் 20 மி.லி. ஆகும், 1 மி.லி.யில் 10 மி.கி. அதில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. நீரோடு கலந்தால் 0.1 மி.லி.யில் 100 மைக்ரோகிராம். இது கண்ணிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடும் மருந்து, ஒரு தடவையோடு தீராது. ஆம்ஃபோடெரிசின் என்றால் 50 மி.கி. குப்பியில் 10 மி.லி. ஊசிக்கான நீர், அதில் 0.1 மி.லி.யை 9.9 மி.லி. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் 0.1 மி.லி.யில் 5 மைக்ரோகிராம். சலைன் ஊற்றினால் திரிந்துவிடும். ஒரு சைபர் தவறினால் விழித்திரை போய்விடும், அதனால் இதைப் பழக்கமில்லாத கையில் கரைக்க வேண்டாம். பூஞ்சைக் கண்ணில் விட்ரெக்டமிதான் பாதி மருந்து, அனுப்பிவைப்பதே சரி. கூடவே வோரிகோனசோல் மாத்திரை, முதல் நாள் 400 மி.கி. இருவேளை, அப்புறம் 200 மி.கி. இருவேளை, வெறும் வயிற்றில். சாப்பாட்டோடு போட்டால் உடம்பில் ஏறும் அளவு குறையும். கல்லீரல் டெஸ்ட் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் என்றால் தோல் கருகும், தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம் என்று சொல்லுங்கள்.


பதில்: பொது_மருத்துவம்_காட்பாடி

ஆபரேஷனும் இல்லை, காயமும் இல்லை, கண்ணுக்குள் சீழ் வருகிறது என்றால் எங்கள் பக்கம் அனுப்ப மறக்காதீர்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்து டிரிப் ஏற்றியவர், சிறுநீர் டியூப் வைத்தவர், கல்லீரல் சீழ்க்கட்டி உள்ளவர். கிருமி ரத்தத்தில் வந்து கண்ணில் இறங்குகிறது. மெட்ராஸ் ஐ என்றோ யுவியைட்டிஸ் (கிருமி இல்லாமலும் வரும் கண் உள்படல அழற்சி) என்றோ நினைத்து ஒரு வாரம் போய்விடும்.

இங்கே கணக்கு தலைகீழ். கண்ணுக்குள் ஊசி வேண்டும், அதோடு உடம்புக்கும் முழு அளவு மருந்து வேண்டும், இல்லாவிட்டால் கண் தப்பி ஆள் தப்பாமல் போகலாம். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் இரண்டு இடத்திலிருந்து பிளட் கல்ச்சர், யூரின் கல்ச்சர், வயிற்று ஸ்கேன், இதய எக்கோ. கேண்டிடா என்ற பூஞ்சை என்றால் ஃபுளுகோனசோலோ வோரிகோனசோலோ குறைந்தது நாலு முதல் ஆறு வாரம். ஐ.சி.யு.வில் வழக்கமாகப் போடும் கேஸ்போஃபங்கின் வகை மருந்துகள் கண்ணுக்குள் சரியாக ஏறாது. ரத்தத்தில் கேண்டிடா தெளிந்துவிட்டது என்று ரிப்போர்ட் வந்தாலும் கண்ணில் அது உட்கார்ந்திருக்கும்.


பதில்: தியேட்டர்_சிஸ்டர்_ஆற்காடு

ஒன்று சேர்க்க விட்டுப்போச்சு. ஒரே ஆபரேஷன் நாளில் இரண்டு பேருக்கு வந்தால் அது அந்த நோயாளிகளின் துரதிர்ஷ்டம் இல்லை, தியேட்டரின் பிரச்சினை. அன்றைக்கே ஆபரேஷனை நிறுத்திவிட்டு, அந்த நாள் பயன்படுத்திய ரிங்கர் லாக்டேட் பாட்டில் (கண்ணைக் கழுவும் திரவம்), விஸ்கோ (கண்ணுக்குள் நிரப்பும் ஜெல்), டிரைபான் புளூ (நீலச் சாயம்), லென்ஸ் எல்லாவற்றின் பேட்ச் எண்ணையும் எழுதி, மிச்சம் இருப்பதைச் சீல் வைத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். பாட்டிலைக் கழுவிக் குப்பையில் போட்டுவிட்டால் காரணம் கடைசிவரை தெரியாது. அன்று ஆபரேஷனான மற்ற எல்லோரையும் போன் போட்டு வரவழைத்துப் பார்ப்பதும் உண்டு.

வராமல் தடுக்க, ஆபரேஷன் முடிவில் முன்னறைக்குள் மாக்சிஃப்ளாக்சசின் 0.5 மி.கி., 0.1 மி.லி.யில். மதுரை அரவிந்த் குழுமத்தில் ஆறு லட்சம் ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017-இல் வெளியிட்டார்கள், தொற்று மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. கண்ணுக்குள் போடவென்றே வரும் குப்பியைத்தான் எடுக்க வேண்டும். சாதாரணச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து இழுத்துப் போட்டால், அதில் பிரிசர்வேட்டிவ் இருந்தால் அது கருவிழியின் உள் அடுக்கைக் கெடுக்கும்.


குடியாத்தம்_கண்

சரி சிஸ்டர், இரண்டு தாளாகப் பிரித்து ஒட்டிவிடுகிறேன். ரெஃபரல் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் சார்?


பதில்: விழித்திரை_வேலூர்

எந்த நாள் எந்தக் கண்ணில் ஆபரேஷன், என்ன லென்ஸ், லென்ஸின் பின் உறை கிழிந்ததா, இப்போதைய பார்வை, பி-ஸ்கேன் குறிப்பு, எந்த மணிக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் உள்ளே போட்டீர்கள், சாம்பிள் எந்த லேபுக்குப் போயிற்று, சர்க்கரை அளவு, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார். ஊசி போட்ட மணியை எழுதாவிட்டால் இரவில் பார்ப்பவர் அது போடப்படவில்லை என்று நினைத்து மறுபடி போடுவார்.

கிளம்பும் முன் போன் செய்து விழித்திரை சர்ஜன் இரவில் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை ஆனாலும் சரி, வேறு இடமானாலும் சரி. சி.எம்.சி. என்றால் கடிதத்தில் 'ஷெல் கண் மருத்துவமனை, ஆரணி ரோடு' என்று முழுதாக எழுதுங்கள். 'சி.எம்.சி.' என்று மட்டும் இருந்தால் ஆட்டோக்காரர் இடா ஸ்கடர் ரோட்டில் மெயின் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவார், அங்கே சீட்டுக் கவுன்டரில் நின்று திரும்ப வருவதற்குள் இன்னும் ஒரு மணி நேரம் போயிருக்கும். காப்பீட்டு அட்டை, ஆதார், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் கூட வருபவர் கையில் கொடுத்துவிடுங்கள்.